நாயனக்காரர் போட்டோ யார் வீட்டில் இருக்கிறது?

தபால்தலை சேர்த்தவர்களை உங்களுக்குத் தெரியும். தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்களையும் தெரியும். சங்கீத வித்வான்களின் போட்டோவில் அவர்கள் கையெழுத்தை வாங்கிச் சேர்த்தவர்களும் நம் கம்பம் பள்ளத்தாக்கில் உண்டு. எண்ணிக்கை குறைவுதான். சின்னமனூரில் ஒருவர், உத்தமபாளையத்தில் இருவர், பெரியகுளத்தில் ஒரு வாத்தியார், போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரி என்று எனக்குத் தெரிந்தே ஒரு கை விரலில் அடங்கிவிடுவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவனுக்கு இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

இதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. இந்தப் பொழுதுபோக்கு நல்லது. அது செத்துப்போகக் கூடாது. ஆனால் எங்கள் தலைமுறை சேர்த்தது பாதிதான். மேடையில் பாடினவர்களைச் சேர்த்தோம். நம் வீட்டுக் கல்யாணத்திலும், நம் ஊர்க் கோயில் புறப்பாட்டிலும் வாசித்தவர்களைச் சேர்க்கவில்லை. அந்த மீதிப் பாதியை இப்போது சேர்க்காவிட்டால் இனி எப்போதும் முடியாது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில், அந்தக் காலத்தில் இது எப்படி நடந்தது என்று பார்ப்போம். நம் பக்கம் பெரிய சபா கிடையாது. மதுரையில் சத்குரு சங்கீத சமாஜம் இருந்தது. கச்சேரி கேட்க வேண்டும் என்றால் போடி மீட்டர்கேஜ் ரயிலிலோ பஸ்ஸிலோ மதுரைக்குப் போக வேண்டும். ராத்திரி கச்சேரி முடிந்தால் திரும்ப வண்டி கிடையாது. ஆகவே நமக்கு சங்கீதம் வந்தது பெரும்பாலும் இரண்டு வழியில். ஒன்று, 1939-ல் ஆரம்பித்த திருச்சி வானொலி. இன்னொன்று, கோயில் திருவிழா.

வானொலியில் குரல் வரும்; முகம் வராது. மதுரை மணி அய்யரின் ஸ்வரங்களைக் கேட்டு மயங்கிப்போயிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரை நேரில் பார்த்ததே இல்லை. மதுரை சோமு பாடும்போது முகம் எப்படிப் போகும், கை எப்படி ஆடும் என்று பார்த்தவர்கள் வந்து சொன்னால்தான் உண்டு. அந்த முகத்தைப் பார்க்கும் ஆசையில்தான் போட்டோ சேர்ப்பது ஆரம்பித்தது. தீபாவளி மலர்களில் வரும் படங்களை வெட்டி வைப்பார்கள். பிறகு வித்வான் விலாசத்தைத் தேடிப் பிடித்து ஒரு கடிதம் எழுதுவார்கள். அதோடு ஸ்டாம்பு ஒட்டிய, தன் விலாசம் எழுதிய ஓர் உறையை மடித்து வைப்பார்கள். உறையின் மேல் ‘போட்டோ, மடக்க வேண்டாம்’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். அப்படிப்பட்ட உறைகள் எத்தனையோ என் கையால் முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறேன். பத்து போனால் மூன்று திரும்பி வரும். அந்த மூன்றும் வருகிற நாளில் வாங்குகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சரி, போட்டோ போதாதா, அதில் கையெழுத்து எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி.

நம் வீட்டுப் பூஜை அறையிலும் பாட்டு வகுப்புகளிலும் மாட்டியிருக்கும் தியாகராஜர், முத்துஸ்வாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சியாமா சாஸ்திரி மறைந்தது 1827-ல். தீட்சிதர் 1835-ல். தியாகராஜர் 1847-ல். போட்டோ எடுக்கும் வித்தையை பாரிஸ் நகரத்தில் உலகத்துக்கு அறிவித்ததே 1839-ல்தான். ஆக, இந்த மூவரில் எவருக்கும் போட்டோ இல்லை. நாம் கும்பிடும் முகங்கள் ஓவியர்கள் மனசில் கண்ட முகங்கள். அதிலும் பரவலாகப் போய்ச் சேர்ந்தது எஸ்.ராஜம் வரைந்த மூவர் படம். ராஜம் நல்ல பாடகர். வானொலியில் வேலை பார்த்தவர். 1934-ல் வந்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் ராமராக நடித்தவர். 2010 வரை நம்மோடு இருந்தார். அவர் வரைந்த முகத்தில் பக்தி இருக்கிறது, சங்கீதம் இருக்கிறது. ஆனால் தியாகராஜரின் மூக்கு எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அது போனது போனதுதான்.

இதைவிட வேடிக்கை ஒன்று சொல்கிறேன். நாகஸ்வர வித்வான் என்றதும் உங்கள் மனசில் வரும் முகம் எது? பொய் சொல்லாமல் சொல்லுங்கள். சிவாஜி கணேசன் முகம்தானே? 1968-ல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தை நம் டூரிங் கொட்டகைகளில் எத்தனை தடவை பார்த்திருப்போம்! சிக்கல் சண்முகசுந்தரம் என்றால் சிவாஜி. தவில் என்றால் டி.எஸ்.பாலையா. அந்தப் படத்தில் நிஜமாக நாகஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நமக்கு எழுபத்தைந்து கிலோமீட்டரில் இருக்கும் மதுரைக்காரர்கள். அவர்கள் போட்டோவைக் காட்டினால் நம்மில் எத்தனை பேர் அடையாளம் சொல்வோம்?

அதற்கு முன் 1962-ல் ‘கொஞ்சும் சலங்கை’. எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போட்டுக்கொண்டு போகும் அந்த நாகஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம் வாசித்தது. திரையில் நாகஸ்வரத்தைப் பிடித்திருப்பவர் ஜெமினி கணேசன். காருகுறிச்சியார் அடுத்த இரண்டு வருடத்தில், 1964-ல், 43 வயது முடிவதற்குள் போய்விட்டார். இன்றைக்கும் கல்யாண வீட்டில் அந்தப் பாட்டு ஒலிக்கிறது. முகம் மட்டும் ஜெமினிக்குப் போய்விட்டது.

நடிகர்களைக் குறை சொல்லவில்லை. சிவாஜி அந்த வேஷத்துக்காகப் பட்ட பாட்டை நாடே பார்த்தது. நான் சொல்வது வேறு. முகம் ஓரிடம், பெயர் ஓரிடம், வாசிப்பு ஓரிடம் என்று பிரிந்துபோவது நம் ஊரில் சர்வ சாதாரணம். போட்டோவில் போட்ட கையெழுத்து இந்த மூன்றையும் ஒரு முடிச்சில் கட்டுகிறது. “இந்த முகம் என்னுடையது, இந்தப் பெயர் என்னுடையது, இன்ன தேதியில் நானே எழுதுகிறேன்” என்று அந்த மனிதரே சொல்லிவிட்டுப் போகிறார். அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

நாகஸ்வரக்காரர்களுக்கு போட்டோ என்பது இன்னும் பெரிய விஷயம். திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் பழைய படங்களைப் பார்த்திருப்பீர்கள். குடுமியை எடுத்துவிட்டு கிராப்பு, ஷெர்வானி, காலில் ஷூ, மார்பில் பதக்கங்கள். நாகஸ்வரக்காரர் என்றால் சட்டை போடக் கூடாது, நின்றுகொண்டு வாசிக்க வேண்டும், கூப்பிட்டால் வர வேண்டும் என்றிருந்த காலத்தில் அவர் அப்படிப் போய் நின்றார். மேடையில் உட்கார்ந்து வாசித்தார். 1947 ஆகஸ்டில் சுதந்திரம் வந்தபோது வானொலியில் மங்கல வாத்தியமாக ஒலித்தது அவருடைய நாகஸ்வரம். 1956-ல் மறைந்தார். அந்தப் படங்களை வெறும் அலங்காரம் என்று சொல்ல முடியாது. “நானும் உங்களுக்குச் சமமாக உட்காருகிற மனிதன்” என்று ஊருக்கு அவர் சொன்ன சொல் அது. ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்து அதை போட்டோவாகவும் எடுத்து வைத்தார். இல்லாவிட்டால் இன்றைக்கு நமக்கு எப்படித் தெரியும்?

அவர் பெரியவர். அவருக்குப் படம் இருக்கிறது. நம் ஊர் ஆட்களுக்கு?

நம் பள்ளத்தாக்கில் கோயில்களுக்குக் குறைவில்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா, பெரியகுளம் பாலசுப்பிரமணியர், சின்னமனூர் பூலாநந்தீஸ்வரர், உத்தமபாளையம் காளாத்தீஸ்வரர், கம்பராயப் பெருமாள். எந்தக் கோயிலில் சாமி புறப்பட்டாலும் முன்னால் நாயனமும் தவிலும் போகும். வைகாசி, ஆவணி, தை முகூர்த்தம் என்றால் ஒரே நாளில் மூன்று கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு, கடைசி பஸ்ஸில் தவிலை மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். நம் தலைமுறையில் தாலி கட்டிக்கொண்டவர்கள் எல்லாருக்கும் கெட்டிமேளம் கொட்டியவர்கள் அவர்கள். உங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். மாமா இருப்பார், சித்தப்பா இருப்பார், சமையல்காரர்கூட ஒரு படத்தில் கரண்டியோடு நிற்பார். மேளக்காரர் எங்கே? தாலி கட்டும் படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். அல்லது நாகஸ்வரத்தின் அணசு மட்டும் தெரியும். ஆள் சட்டத்துக்கு வெளியே.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் பக்கத்துக் கிராமத்துத் தவில்காரர் ஒருவர் காலமானார். ஐம்பது வருடத்துக்கு மேல் வாசித்த கை. துக்கம் விசாரிக்கப் போனேன். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மகன் வீடு முழுக்கத் தேடுகிறான், அப்பாவின் படம் ஒன்று கிடைக்கவில்லை. கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கினார்கள். கண் எது, மூக்கு எது என்று தெரியாத ஒரு கறுப்புப் படம். அதில் தவில் இல்லை. தோளில் துண்டுகூட இல்லை. நான்கு தெரு தாண்டி வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, “யாருப்பா இது?” என்று கேட்டார்கள். அந்த ஊரில் கல்யாணம் செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் தாளம் போட்ட மனிதர் அவர்.

அவர் மகன் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “அய்யா, நீங்க பெரிய வித்வானுக போட்டோ எல்லாம் வச்சிருக்கீகளாமே, எங்கப்பாது ஒண்ணாச்சும் இருக்குமா?”

என்னிடம் மட்டும் இல்லை என்று நினைக்க வேண்டாம். போட்டோ சேர்த்த எங்கள் கூட்டத்தில் எவரிடமும் இல்லை. ஐம்பது வருடம் எங்கள் முன்னாலேயே வாசித்தவரை விட்டுவிட்டு, சென்னை விலாசத்துக்கு உறை அனுப்பிக்கொண்டிருந்தோம். ரசனை தூரத்தில் இருப்பதையே தேடும். அது மனித சுபாவம். ஆனால் அந்த சுபாவத்துக்கு ஊர் கொடுத்த விலையை அந்த வீட்டு வாசலில் பார்த்தேன்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சேர்த்தவை என்ன ஆகின்றன? நான் சொன்ன அந்த நாலைந்து பேரில் ஒருவர் போனபின் வீட்டை இடித்துக் கட்டினார்கள். பரணில் இருந்த ஆல்பங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. பிள்ளைகளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவர்கள் பார்த்தது என்ன? யாரோ ஒரு பெரியவர் வெற்றிலை போட்டபடி உட்கார்ந்திருக்கும் படம். கீழே படிக்க முடியாத ஒரு கிறுக்கல். பின்னால் திருப்பினால் வெறும் வெள்ளை. யார் என்று சொல்ல ஆள் இல்லாத படத்தை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? சேர்த்தவருக்கு எல்லாம் மனப்பாடம். அதனால் எழுதி வைக்கவில்லை. அவரோடு அது போய்விட்டது.

காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பெரிய பணக்காரர் இல்லை. பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று ஊரார் குப்பை என்று தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனால் கடல் தாண்டிக் கொண்டுபோகாமல் 1994-ல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. இன்றைக்கு தமிழ் ஆராய்ச்சி செய்கிறவர் எவரும் ரோஜா முத்தையா நூலகத்தின் படி ஏறாமல் இருக்க முடியாது. நாடக நோட்டீஸ் அச்சடித்த அன்றைக்கு அதற்கு என்ன மதிப்பு? ஒன்றும் இல்லை. ஐம்பது வருடம் கழித்து அந்த நோட்டீஸ் இல்லாவிட்டால், அந்த நாடகம் நடந்ததற்கே சாட்சி இல்லை. நம் ஊர் மேளக்காரர் போட்டோவுக்கும் அதே கணக்குத்தான்.

“இப்போதுதான் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே, செல்ஃபி எடுத்துக்கொண்டால் போதாதா?” என்று என் பேரன் கேட்கிறான். செல்ஃபியில் பாதி என் முகம். மீதிப் பாதி அவர் முகம். அவர் பெயர் எங்கே? போன் உடைந்தால் படமும் போச்சு. நாலாயிரம் படத்துக்கு நடுவில் அதைத் தேடி எடுப்பதற்குள் விடிந்துவிடும். அதைவிட முக்கியம், செல்ஃபி எடுக்க அவரிடம் பேச வேண்டியதே இல்லை. பக்கத்தில் போய் நின்றால் போதும். கையெழுத்து வாங்க வேண்டும் என்றால் உட்கார வேண்டும். பெயர் கேட்க வேண்டும். “உங்களுக்கு குரு யாருங்க?” என்று ஒரு வார்த்தை பேச வேண்டும். அந்த இரண்டு நிமிஷத்தில்தான் விஷயமே இருக்கிறது.

இன்னொரு ஆட்சேபம்: இதெல்லாம் ஆள் வழிபாடு, ரசிகர் மன்ற வேலை என்பது. மேடைக்காரர்களின் படத்தை மட்டும் துரத்தினால் அந்தக் குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பண்ணைப்புரத்து இளையராஜாவின் படம் மாட்டாத டீக்கடை நம் பக்கம் உண்டா? நம் மண்ணின் பிள்ளை. 1986-ல் ‘ஹவ் டு நேம் இட்’ என்று ஓர் இசைத் தொகுப்பு போட்டு, அதைத் தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்தவர். 2025 மார்ச்சில் லண்டனில் சிம்பொனி நடத்தியவர். அவர் படம் மாட்டுவது நமக்குப் பெருமை. ஆனால் அந்தப் படம் எங்கேயும் போய்விடாது. உலகமே பாதுகாக்கும். நாம் பாதுகாக்காவிட்டால் வேறு யாரும் பாதுகாக்காத முகம் எது என்று யோசித்துப் பார்த்தால், நம் கடமை எது என்று தெரிந்துவிடும்.

பெரிய வித்வான்களின் கையெழுத்துப் படங்களுக்கு இப்போது ஏலத்தில் விலை வைக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். விற்பது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். காந்தியடிகளே தன் கையெழுத்துக்கு 5 ரூபாய் வாங்கினார். அது ஹரிஜன நிதிக்குப் போனது. அதிலிருந்து நாம் ஒன்று எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர் நாயனக்காரரிடம் கையெழுத்து வாங்கினால், வெற்றிலை பாக்கு வைத்து அதன் மேல் ஒரு நூறோ இருநூறோ வைத்துக் கொடுப்போம். பேசின கூலியில் கழிக்காமல் தனியாக. அவர் கையெழுத்துக்கும் மதிப்பு உண்டு என்று அவருக்குத் தெரியட்டும்.

இனி, அனுபவத்தில் கண்ட சில நடைமுறை விஷயங்கள். இளையவர்கள் யாராவது ஆரம்பித்தால் உதவும்.

கேட்கும் நேரம் முக்கியம். வாசிப்புக்கு முன்னால் சீவாளியை நனைத்துச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது போய்ப் பேப்பரை நீட்டக் கூடாது. சாப்பிட உட்கார்ந்தபின் கேட்கக் கூடாது. மங்களம் வாசித்து, வியர்வை துடைத்து, ஒரு காபி குடித்து முடிக்கட்டும். தவில்காரர் விஷயத்தில் இன்னும் பொறுமை வேண்டும். வலது கை விரல்களில் துணியைச் சுற்றிப் பசையில் இறுக்கிய கூடுகள் மாட்டியிருப்பார். அதோடு பேனா பிடிக்க முடியாது. அதைக் கழற்றச் சொல்லிக் கேட்பதற்கு நமக்குக் கூச்சம், கழற்றிவிட்டு எழுத அவருக்கு அலுப்பு. பாட்டுக்காரர் கையெழுத்து பத்து கிடைத்தால் தவில்காரர் கையெழுத்து ஒன்று கிடைப்பது அபூர்வம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கூடுகளை அவரே கழற்றித் துணிப்பையில் போடும் வரை காத்திருங்கள்.

எழுதப் பழகாத கை என்று சிலர் தயங்குவார்கள். அவசரப்படுத்தாதீர்கள். ஒரு எழுத்து எழுதினாலும் அது அவர் எழுத்து. பெருவிரல் ரேகை வைத்தாலும் சரிதான். பத்திர ஆபீஸில் செல்லுகிற ரேகை நம் ஆல்பத்தில் செல்லாதா?

பளபளப்பான போட்டோவில் சாதாரணப் பால்பாயிண்ட் பேனா பிடிக்காது; வழுக்கும், அழுத்தினால் பள்ளம் விழும். மை பேனா கலைந்துவிடும். அழியாத மார்க்கர் பேனா நல்லது. முகத்தின் மேல் எழுத விடாமல் வெளிர் நிறமான ஓரத்தைக் காட்டுங்கள். இரண்டு நிமிஷம் காயட்டும்.

பழைய படம் கைக்கு வந்தால் கையெழுத்து பேனாவால் போட்டதா, அச்சடித்ததா என்று பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பேனா மை தனியாக மினுங்கும். பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. எழுத்து வெள்ளையாக, படத்துக்குள்ளேயே இருந்தால் நெகட்டிவில் எழுதிப் பிரதி எடுத்தது. அதையும் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் என்ன என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

லேமினேஷன் மட்டும் செய்யவே செய்யாதீர்கள். ஒரு தடவை ஒட்டினால் பிரிக்க முடியாது. உள்ளே படம் வெந்துபோகும். எண்பதுகளில் வந்த பசை தடவிய பக்கங்கள் உள்ள ஆல்பமும் எதிரிதான். அந்தக் காலக் கலர் படங்கள் சிவப்பேறி மங்குகின்றன. கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்னும் திடமாக இருக்கின்றன. கண்ணாடிச் சட்டம் போட்டால் படம் கண்ணாடியில் ஒட்டாதபடி நடுவில் அட்டை ஓரம் வைக்கச் சொல்லுங்கள். கூடலூர், கம்பம் பக்கம் சாரல் காலத்தில் ஈரம் ஏறும். ராமபாணப் பூச்சி அதற்காகவே காத்திருக்கும். பரணில் போடாமல் காற்றாடும் அலமாரியில் வையுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது, பின்பக்கம். மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பெயர், ஊர், வாத்தியம், குரு பெயர், தேதி, என்ன விசேஷம், கூட வாசித்தவர்கள் யார் யார். ஒத்து ஊதினவரையும் தாளம் போட்டவரையும் விடாதீர்கள். ஐந்து வரி. இந்த ஐந்து வரி இருந்தால் பேப்பர் கடைக்காரர்கூட ஒரு நிமிஷம் யோசிப்பார்.

இப்போதே செய்ய வேண்டும் என்று நான் அவசரப்படுவதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். பல கோயில்களில் சாயங்கால பூஜைக்கு மோட்டார் மேளம் வந்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் மணியும் முரசும் தானே அடிக்கிறது. கல்யாண ஊர்வலத்துக்குக் குமுளி தாண்டி செண்டை மேளம் வருகிறது. செண்டையும் நல்ல வாத்தியம்தான். அதை அடிக்கிற பையன்களும் உழைக்கிறார்கள். ஆனால் நாயனம் வாசிக்கும் வீடுகளில் அடுத்த தலைமுறை வேறு வேலைக்குப் போய்விட்டது. அறுபது, எழுபது வயதில் இருக்கிற கைகள்தான் இப்போது வாசித்துக்கொண்டிருக்கின்றன.

ஆகவே என் யோசனை இதுதான். உங்கள் வீட்டில் அடுத்து வரும் விசேஷத்தில், போட்டோக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: மேளக்காரர்கள் எல்லாரையும் வாத்தியத்தோடு உட்கார வைத்து, நேராக ஒரு படம். இரண்டு பிரதி போடுங்கள். ஒன்றில் அவர்கள் கையெழுத்தை வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றைச் சட்டம் போட்டு அவர்களுக்குக் கொடுங்கள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஐம்பது ஆயிரம், எழுபது ஆயிரம் என்று ஆல்பம் போடுகிற காலத்தில் இந்த இரண்டு பிரதி ஒரு செலவே இல்லை. கோயில் திருவிழாக் கமிட்டியில் இருக்கிறவர்கள் உபயதாரர் படத்தைப் போடும் நோட்டீஸில் மேளக்காரர் படத்தையும் பெயரோடு போடலாம்.

போன தை மாதம் எங்கள் உறவில் நடந்த ஒரு கல்யாணத்தில் இதைச் செய்தோம். பெரியவர் நாயனத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “என் கையெழுத்தையா கேக்குறீக?” என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, மகனிடம் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, தன் பெயருக்கு முன்னால் தன் தகப்பனார் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்து மெதுவாக எழுதினார். எழுதி முடிக்க மூன்று நிமிஷம் ஆனது. கூட்டம் காத்திருந்தது.

வைகாசி முகூர்த்தம் வருகிறது. யார் வீட்டில் விசேஷமோ, இரண்டு பிரதிக்குச் சொல்லி வையுங்கள்.